ஏணைச் சேலையும் ஒரு நொதியமும்

குழந்தைக்கு ஏணை கட்டப் புதுச்சேலை எடுப்பதில்லை. தோய்த்துத் தோய்த்துப் பதப்பட்ட நூற்சேலைதான் பிள்ளையின் உடம்பை உறுத்தாது. அப்படியான சேலை அம்மம்மாவின் அலுமாரியில், மடிப்புகளுக்கிடையில் இரண்டு மூன்று வெள்ளை நப்தலீன் உருண்டைகளோடு மாதக்கணக்கில் கிடந்திருக்கும். எடுத்து உதறி வளையில் கட்டுகிறார்கள். எண்ணெய் பூசி முழுகவார்த்த பிள்ளையை அதற்குள் வளர்த்துகிறார்கள். அநேகம் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. சில பிள்ளைகளுக்கு, அதிலும் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கு, இரண்டு மூன்று நாளில் கண் மஞ்சளாகிறது, முகம் வெளிறுகிறது, துணியில் படும் சிறுநீர் பால்விடாத தேத்தண்ணி நிறத்தில் இருக்கிறது.

ஒரே சேலை, ஒரே உருண்டை, ஒரே எண்ணெய். பிள்ளைக்குப் பிள்ளை மாறியது ஒரு நொதியம் மட்டும்தான். அதன் முழுப்பெயர் குளுக்கோஸ்-6-பொஸ்பேற் டிஹைட்ரோஜினேஸ். ஆய்வுகூடத்திலும் வாட்டிலும் ஜி6பிடி என்றுதான் சொல்வார்கள். இங்கேயும் அப்படியே வைத்துக்கொள்வோம். உலகில் 40 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த நொதியம் குறைவு. மனிதரில் காணப்படும் நொதியக் குறைபாடுகளில் மிகப் பரவலானது இதுதான். ஆனாலும் அவர்களில் பெரும்பாலானோர் வாழ்நாள் முழுவதும் அதை அறியாமலே இருந்துவிடுகிறார்கள். குறைபாடு தனியே இருக்கும்வரை நோயில்லை. அது எதையாவது சந்திக்கும்போதுதான் நோய்.

செங்குழியம் ஒரு விசித்திரமான கலம். அதற்குக் கரு இல்லை, இழைமணி இல்லை. ஈமோகுளோபினை நிரப்பி, மற்ற எல்லாவற்றையும் வெளியே எறிந்துவிட்டு 120 நாள் ஓடித் திரியும். அது காவுவது ஒட்சிசனை. ஒட்சிசன் சும்மா இருக்கும் சரக்கல்ல. ஒவ்வொரு நாளும் ஈமோகுளோபினில் ஒரு சிறு பங்கு தானாகவே ஒட்சியேற்றம் அடைந்து, ஒட்சிசனைக் காவ முடியாத மெதீமோகுளோபினாகிறது. அதோடு ஐதரசன் பேரொட்சைட்டும் உண்டாகிறது. வெட்டிய வாழைக்காய் காற்றுப் பட்டுக் கறுக்காமலிருக்க மோர்த்தண்ணியில் போட்டுவைக்கிறோம் அல்லவா, செங்குழியத்துக்குள் அந்த மோர்த்தண்ணியின் வேலையைச் செய்வது குளுதாதயோன் என்ற சிறு மூலக்கூறு. பேரொட்சைட்டைத் தண்ணீராக்கிவிட்டுத் தானும் ஒட்சியேறிப் போகும். அதைத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர என்ஏடிபிஎச் என்ற துணைப்பொருள் வேண்டும்.

மற்றக் கலங்களுக்கு என்ஏடிபிஎச் செய்ய இரண்டு மூன்று வழிகள் உண்டு. செங்குழியத்துக்கு ஒரே வழிதான்: குளுக்கோசை எரிக்கும் பிரதான பாதையிலிருந்து பிரியும் பென்டோஸ் பொஸ்பேற் பாதை. அந்தக் கிளைப் பாதையின் வாசலில் நிற்கும் முதல் நொதியம் ஜி6பிடி. வாசல் ஒடுங்கினால் என்ஏடிபிஎச் குறையும், குளுதாதயோன் மீளாது, பேரொட்சைட்டு தேங்கும். ஈமோகுளோபின் திரிந்து சிறு கட்டிகளாகக் கலச்சுவரின் உட்பக்கம் ஒட்டிக்கொள்ளும். 1890 இல் ஹைன்ஸ் என்ற ஜெர்மானியர் விவரித்ததால் இவற்றை ஹைன்ஸ் துணிக்கைகள் என்கிறார்கள். மெதில் வயலட் சாயம் போட்டால் ஊதாப் புள்ளிகளாகத் தெரியும். மண்ணீரல் இந்தக் கட்டியைச் சுவரோடு சேர்த்துக் கடித்தெடுத்துவிடும். இரத்தப் பூச்சில் ஓரம் கடிபட்ட விசுக்கோத்துப்போலச் செங்குழியங்கள் தெரிந்தால் காரணம் இதுதான். சில கலங்கள் மண்ணீரல்வரை போகாமலே குருதிக்குழாய்க்குள் உடையும். அப்போது வெளியேறும் ஈமோகுளோபின்தான் சிறுநீரைக் கறுக்கவைக்கிறது.

இன்னொரு சங்கதி. கரு இல்லாத கலம் புதிதாகப் புரதம் செய்யாது. என்புமச்சையில் இருந்தபோது செய்த ஜி6பிடியைக் கொண்டுதான் 120 நாளும் தள்ள வேண்டும். சாதாரண நொதியத்தின் அரைவாழ்வு ஏறத்தாழ 62 நாள். ஆபிரிக்கரிடம் பரவலாக உள்ள ஏ-மைனஸ் வகையில் அது ஏறத்தாழ 13 நாள். மத்தியதரைக்கடல் வகையில் இன்னும் மோசம். இளங்கலத்திலேயே நொதியம் தீர்ந்துபோகும். எனவே ஏ-மைனஸ் ஆளுக்குப் பிழையான மருந்து கொடுத்தால் முதலில் சாவது வயதான கலங்கள். அவை போன பிறகு இளங்கலங்கள் தாக்குப்பிடிக்கும், உடைவு தானாகத் தணியும். மத்தியதரைக்கடல் வகை ஆளில் இளங்கலமும் தப்பாது. மருந்தை நிறுத்தும்வரை உடைந்துகொண்டே போகும். இந்திய உபகண்டத்தில் அதிகம் காணப்படுபவை மத்தியதரைக்கடல், ஒரிசா, கேரளா-கல்யாண் என்ற வகைகள். ஆபிரிக்க வகையை வைத்து எழுதிய பாடநூலைப் படித்துவிட்டு "தானாக அடங்கும்" என்று இங்கே காத்திருப்பது ஆபத்து.

இது கண்டுபிடிக்கப்பட்ட விதம் பெருமைப்படக் கூடியதல்ல. 1940களில் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் ஸ்டேட்வில் சிறையில் கைதிகளுக்கு மலேரியாவை ஏற்றி மருந்துகளைச் சோதித்தார்கள். பிறிமாகுயின் குடித்த கறுப்பினக் கைதிகள் சிலருக்கு மட்டும் இரத்தம் உடைந்தது. பிழை மருந்திலா, உடம்பிலா, கலத்திலா என்று பார்க்க, பாதிக்கப்பட்டவரின் செங்குழியத்துக்குக் கதிர்வீச்சுக் குரோமியத்தால் அடையாளமிட்டுச் சாதாரண ஆளுக்கு ஏற்றினார்கள். பிறகு அவருக்குப் பிறிமாகுயின் கொடுத்தார்கள். ஏற்றிய கலங்கள் மட்டும் அழிந்தன. பிழை கலத்துக்குள்தான் என்பது அங்கே உறுதியானது. 1956 இல் கார்சனும் கூட்டாளிகளும் அந்தக் கலங்களில் ஜி6பிடி குறைவு என்று காட்டினார்கள். மருந்தொன்று ஆளுக்கு ஆள் வேறாக வேலைசெய்வதற்குப் பரம்பரைக் காரணம் உண்டு என்று நொதிய அளவில் காட்டிய முதல் சான்றுகளில் இது ஒன்று.

அந்த மருந்தின் கதை எங்களுக்குத் தூரமானதல்ல. 1934-35 மலேரியாக் கொள்ளைநோயில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். 1963 இல் நோயாளர் தொகை 17 ஆக இறங்கி, ஒழிந்ததென்று கையை எடுக்க, சில ஆண்டுகளில் இலட்சக்கணக்கில் திரும்பி வந்தது. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளர் 2012 ஒக்டோபரில். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியாவற்ற நாடு என்று சான்று கொடுத்தது. ஆனால் இந்தியாவுக்கும் ஆபிரிக்காவுக்கும் போய்வருபவர்களோடு மலேரியா இப்போதும் வந்திறங்குகிறது. நகர்ப்புறத்துக் கிணற்றிலும் தொட்டியிலும் பெருகக்கூடிய அனோபிலிஸ் ஸ்டீபன்சி நுளம்பு 2017 இல் மன்னாரில் பதிவாகி, பின்னர் யாழ்ப்பாணத்திலும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

வைவாக்ஸ் வகை மலேரியாவில் ஒட்டுண்ணி ஈரலுக்குள் உறங்கிக் கிடந்து, மாதங்கள் கழித்து எழும்பும். இரத்தத்தில் உள்ளதைக் குளோரோகுயின் கொல்லும். ஈரலில் உறங்குவதை எழும்பவிடாமல் அழிக்கப் பிறிமாகுயின் வேண்டும். வழமையான அளவு உடல்நிறை கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.25 மில்லிகிராம், 14 நாள். வளர்ந்தவருக்கு அது 15 மில்லிகிராம் குளிசை. ஜி6பிடி குறைந்தவருக்கு இந்த நாளாந்த முறை கூடாது. அவருக்குக் கிலோவுக்கு 0.75 மில்லிகிராம் வீதம் கிழமைக்கு ஒருமுறை, 8 கிழமை, ஈமோகுளோபினைப் பார்த்துப் பார்த்துக் கொடுக்கலாம். மொத்தத்தில் கூடுதல் மருந்துதான் உள்ளே போகிறது. ஆனால் ஒவ்வொரு குளிசைக்கும் வயதான கலங்கள் கொஞ்சம் உடைந்து, அடுத்த குளிசைக்கு முன் புதுக்கலங்கள் வந்து நிரப்பிவிடும். நொதியத்தின் அரைவாழ்வை அறிந்து போட்ட கணக்கு இது. ஒரே தடவை 300 மில்லிகிராம் போதும் என்ற வசதியோடு 2018 இல் வந்த ரஃபெனோகுயினுக்கு இந்தத் தந்திரம் சரிவராது. அது கிழமைக்கணக்கில் உடம்பில் தங்கும், குடித்தபின் நிறுத்த முடியாது. நொதியச் செயற்பாடு சாதாரணத்தின் 70 வீதத்துக்குக் குறையாதவருக்கு மட்டுமே அதைக் கொடுக்கலாம்.

அளக்கும் முறைக்கு வருவோம். பிழைகள் அதிகம் நடக்கும் இடம் இதுதான்.

பெரிய கருவி இல்லாத ஆய்வுகூடத்திலும் செய்யக்கூடியது புரூவரின் மெதீமோகுளோபின் தாழ்த்தல் சோதனை. 100 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீரில் 1.25 கிராம் சோடியம் நைத்திரைற்றும் 5 கிராம் குளுக்கோசும் கரைத்து ஒரு கரைசல். லீற்றருக்கு 150 மில்லிகிராம் மெதிலீன் நீலம் கொண்ட இன்னொரு கரைசல். மூன்று குழாய்கள். சோதனைக் குழாயில் இரண்டு கரைசலிலும் 0.1 மில்லிலீற்றர் வீதம் விட்டு 2 மில்லிலீற்றர் இரத்தம் சேர்க்க வேண்டும். இரண்டாவது குழாயில் நைத்திரைற்றுக் கரைசலும் இரத்தமும் மட்டும், நீலம் இல்லை. மூன்றாவதில் வெறும் இரத்தம். மெதுவாகக் கவிழ்த்துக் கலந்து 37 பாகையில் 3 மணித்தியாலம் வைத்துவிட்டு, ஒவ்வொன்றிலும் 0.1 மில்லிலீற்றரை 10 மில்லிலீற்றர் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார்கள்.

நைத்திரைற்று எல்லா ஈமோகுளோபினையும் மெதீமோகுளோபினாக்கி மண்ணிறப்படுத்தும். மெதிலீன் நீலம் ஒரு தரகர்: என்ஏடிபிஎச் இடமிருந்து வாங்கி மெதீமோகுளோபினுக்குக் கொடுத்து அதைத் திரும்பச் சிவக்கவைக்கும். தரகர் இருந்தும் கடையில் சரக்கு இல்லையென்றால் சிவக்காது. சோதனைக் குழாய் வெறும் இரத்தக் குழாயைப்போலத் தெளிந்த சிவப்பானால் நொதியம் உண்டு. நீலமில்லாத குழாயைப்போல மண்ணிறமாகவே நின்றால் குறைவு. இடைப்பட்ட நிறம் வந்தால் எழுதுபவர் தயங்குவார், தயங்கத்தான் வேண்டும். ஒப்பிடும் இரண்டு குழாய்களையும் வைக்காமல் ஒற்றைக் குழாயின் நிறத்தைக் கண்ணால் பார்த்து எழுதிய ரிப்போர்ட்டுக்கு மதிப்பில்லை.

புறவூதா ஒளியில் பார்க்கும் ஒளிர்புள்ளிச் சோதனை இன்னும் விரைவானது. ஆனால் அது செயற்பாடு 30 வீதத்துக்குக் கீழே போனால்தான் நிச்சயமாகப் பிடிக்கும். ரஃபெனோகுயின் கேட்கும் 70 வீதம் இந்த இரண்டு முறையிலும் தெரியாது. 340 நனோமீற்றர் அலைநீளத்தில் என்ஏடிபிஎச் உருவாகும் வேகத்தை அளந்து, ஒரு கிராம் ஈமோகுளோபினுக்கு இத்தனை அலகு என்று சொல்லும் முறைதான் அதற்கு வேண்டும்.

முதல் பெரிய பிழை நேரம். பிள்ளைக்குச் சிறுநீர் கறுத்து, ஈமோகுளோபின் இறங்கி, வாட்டில் படுத்திருக்கும்போது இரத்தம் எடுத்து அனுப்புகிறார்கள். "சாதாரணம்" என்று வருகிறது. நொதியம் குறைந்த வயதான கலங்கள் ஏற்கெனவே உடைந்துவிட்டன. எஞ்சியவை இளங்கலங்கள், என்புமச்சை அவசரமாக அனுப்பியவை, அவற்றில் நொதியம் கூட. குற்றவாளிகள் ஓடிய பிறகு எடுத்த கணக்கெடுப்பு அது. மூன்று மாதம் கழித்து மீண்டும் செய்ய வேண்டும். இரத்தம் ஏற்றியிருந்தால் இன்னும் மோசம், ஓடுவது கொடையாளியின் கலம். அதற்கும் மூன்று மாதம். அந்தத் தேதியை எவரும் எழுதிக் கொடுக்காததால் முதல் ரிப்போர்ட்டே கடைசி ரிப்போர்ட்டாகிவிடுகிறது, பிள்ளைக்குக் குறைபாடு இல்லை என்று வீடு முழுக்க நம்பிவிடுகிறது. அவசரமென்றால் தாய், தாய்மாமன், சகோதரர்களின் இரத்தத்தைச் சோதித்துப் பார்ப்பது இடைக்காலத்தில் நல்ல தடயம்.

இரண்டாவது வெக்கை. மாதிரி குளிர்பெட்டியில் 2 முதல் 8 பாகைக்குள் போக வேண்டும். சித்திரை வெயிலில் வானின் பின்சீற்றில் வைத்துக் கொண்டுபோன குழாயில் நொதியம் அழிந்து, நல்ல பிள்ளைக்கும் குறைபாடு என்று வரும்.

மூன்றாவது பெண்கள். இது சற்று நிதானித்துப் பார்க்க வேண்டிய இடம்.

ஜி6பிடிக்கான பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்தின் நீண்ட புயத்தின் நுனியருகே இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான்; அதில் பிழை என்றால் முழுக் குறைபாடு. பெண்ணுக்கு இரண்டு. ஆனால் ஒவ்வொரு கலத்திலும் ஒரு எக்ஸ் அணைந்துவிடும், எது அணையும் என்பது தற்செயல். 1961 இல் மேரி லையன் இதைக் கருதுகோளாக முன்வைத்தார். மனிதப் பெண்ணின் இரத்தத்தில் இருவகைச் செங்குழியங்கள் கலந்து ஓடுகின்றன என்று காட்டப் பயன்பட்டது இதே நொதியம்தான். ஆகவே ஒரு பிழையான எக்ஸ் உள்ள பெண்ணில் ஒவ்வொரு செங்குழியமும் ஒன்றில் முழு நலம், அல்லது முழுக் குறை. அரைகுறைக் கலம் என்று ஒன்றில்லை. சோதனை காட்டுவது சராசரியை. 60 வீதம் என்று வந்த பெண்ணின் கலங்களில் நாற்பது வீதம் பிறிமாகுயினுக்குத் தாக்குப்பிடிக்காதவையாக இருக்கலாம். "பொம்பிளைப் பிள்ளைக்கு இது வராது" என்று இன்றும் சொல்லப்படுகிறது. வரும்.

எங்கள் ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு: சொந்தத்துக்குள் கலியாணம். மச்சாளைக் கட்டுவதெல்லாம் ஒன்றுதான் என்று தோன்றும். எக்ஸ் நிறமூர்த்தத்துக்கு ஒன்றல்ல. அம்மம்மா காவி, அதாவது ஒரு எக்ஸில் மட்டும் பிழையைக் காவுபவர், என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரின் மகன், அதாவது எங்கள் பெடியனின் அம்மான், குறைபாடுள்ளவர். மகள், பெடியனின் அம்மா, காவி. பெடியனுக்கும் குறைபாடு வந்துவிட்டது. அம்மானுக்கு இருப்பது அந்த ஒரு எக்ஸ்தான், ஆகையால் அம்மானின் மகள் கட்டாயம் காவி. பெடியன் அவளைக் கட்டினால் பிறக்கும் ஆண்பிள்ளை ஒவ்வொருவருக்கும் குறைபாடு வர அரைவாசி வாய்ப்பு. பெண்பிள்ளை ஒவ்வொருத்திக்கும் இரண்டு எக்ஸும் பிழையாகி முழுக் குறைபாடு வர அரைவாசி வாய்ப்பு, தப்பினால் காவி. அதே பெடியன் அப்பாவின் சகோதரியான மாமியின் மகளைக் கட்டினால் கணக்கு வேறு. அவனுடைய எக்ஸ் அம்மாவிடமிருந்து வந்தது. மாமியின் எக்ஸுக்கும் அதற்கும் இந்த உறவின் வழியாகத் தொடர்பே இல்லை. இரண்டையும் ஒரே "நெருங்கிய சொந்தம்" என்று எழுதிவைத்தால் கணக்குப் பிழைக்கும். இதற்காகக் கலியாணத்தை நிறுத்துபவரை நாங்கள் ஆதரிக்கவில்லை, தவிர்த்து வாழக்கூடிய குறைபாடு இது. பிறக்கும் பிள்ளையின் முதல் ஐந்து நாளில் கவனம் வைத்தால் போதும்.

அந்த ஐந்து நாள்தான் இந்தக் குறைபாட்டின் மிக ஆபத்தான காலம். எல்லாக் குழந்தைக்கும் பிறந்து சில நாளில் கொஞ்சம் செங்கமாரி வரும். ஈரல் இன்னும் பழகவில்லை, செங்குழியம் உடைந்து உண்டாகும் பிலிரூபின் என்ற மஞ்சள் பொருளைக் கட்டி வெளியேற்றும் வேகம் போதாது. ஜி6பிடி குறைந்த குழந்தையில் கலம் உடைவதும் சேர, பிலிரூபின் வேகமாக ஏறும். உச்சம் பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில். சுகப்பிரசவமான தாய் அதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவார். ஏறிய பிலிரூபின் மூளையின் ஆழத்தில் படிந்தால் செவிப்புலன் இழப்பும் உடல் முறுக்கும் நிரந்தரமாகும்.

மஞ்சளை மின்குமிழ் வெளிச்சத்தில் பார்க்கக் கூடாது. பகலில், யன்னலடியில், பிள்ளையின் மூக்கையும் நெஞ்சையும் விரலால் அழுத்தி எடுத்து, வெளிறும் அந்தக் கணத்தில் தோலின் அடிநிறத்தைப் பார்க்க வேண்டும். மஞ்சள் முகத்திலிருந்து கீழே இறங்கும். உள்ளங்காலில் தெரிந்தால் அன்றே ஆசுப்பத்திரி. மாநிறத் தோலில் கண் ஏமாற்றும், ஆகையால் சந்தேகமென்றால் இரத்தத்தில் அளப்பதே சரி. முதல் நாட்களில் வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் "தாய்மாமனுக்கு இந்தக் குறைபாடு இருக்கிறது" என்ற ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டால் அவர் பார்க்கும் பார்வையே மாறும்.

காலை வெயில் காட்டுவதை எவரும் குறைசொல்ல வரவில்லை. ஆனால் அது வைத்தியமல்ல. பிலிரூபினை உருமாற்றுவது 460 முதல் 490 நனோமீற்றர் வரையான நீல ஒளி; வாட்டில் உள்ள விளக்கு அதைச் செறிவாக, கண்ணை மறைத்த வெற்றுடம்பில், மணிக்கணக்கில் பாய்ச்சும். முற்றத்தில் துணி சுற்றிப் பத்து நிமிடம் பிடித்தால் அதில் என்ன கிடைக்கும்? விளக்குக்கும் அடங்காவிட்டால் குருதி மாற்றீடு: கிலோவுக்கு 160 மில்லிலீற்றர் அளவில், அதாவது பிள்ளையின் மொத்த இரத்தத்தைப்போல இரண்டு மடங்கை, சிறிது சிறிதாக எடுத்து எடுத்து ஏற்றுவார்கள். 3 கிலோப் பிள்ளைக்கு அது ஏறத்தாழ அரை லீற்றர். பெரிய பிள்ளைகளின் செங்கமாரிக்குக் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுக்கும் பழக்கமும் இங்கே இடறும். மஞ்சளுக்குக் காரணம் ஈரலல்ல, உடையும் இரத்தம். கிழங்கு முற்றும்வரை காத்திருப்பதுபோல மூன்று காலை மருந்து முடியட்டும் என்று இருந்தால் ஈமோகுளோபின் அதற்குள் பாதியாகிவிடும்.

நப்தலீனுக்குத் திரும்புவோம். அது திண்மத்திலிருந்து நேரே ஆவியாகும். அலுமாரியைத் திறந்ததும் மூக்கில் அடிப்பது அதுதான். ஆவி துணி நூலுக்குள் தங்கும். உடம்புக்குள் போனபின் அது ஒட்சியேற்றும் பொருள்களாக மாறிச் செங்குழியத்தைத் தாக்கும். மூச்சாலும் தோலாலும் உறிஞ்சப்படும், எண்ணெய் பூசிய தோலில் இன்னும் விரைவாக. சேலையை ஒருமுறை உதறுவதால் போகாது. சவர்க்காரம் போட்டுத் தோய்த்து, வெயிலில் ஒன்றிரண்டு நாள் காயவிட்டு, மணம் முற்றாகப் போனபின் எடுக்கலாம். அதைவிட, பிள்ளை பிறக்கப்போகும் வீட்டு அலுமாரியில் உருண்டையே போடாமல் விடுவது சுகம். சிலர் இதைக் கற்பூர உருண்டை என்று சொல்வதால் குழப்பம் வரும். சாமிக்குக் கொளுத்தும் கற்பூரம் வேறு இரசாயனம், அதை விழுங்கினால் வலிப்பு வரும், அது தனிக்கதை. மருதோன்றியிலும் நப்தலீனுக்கு உறவான லோசோன் என்ற சாயம் உண்டு. கைக்குழந்தையின் உள்ளங்கையிலும் காலிலும் அப்பியபின் இரத்தம் உடைந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அக்காவின் கையோடு நிற்கட்டும்.

சாப்பாட்டில்தான் வீணான பயம் அதிகம். "பீன்ஸ் கூடாது" என்ற ஒரு வரியை எங்கோ கேட்டுவிட்டு, பயற்றங்காய், போஞ்சி, கடலை, பயறு, உழுந்து எல்லாவற்றையும் நிறுத்தி, தோசையும் இல்லாமல் பிள்ளையை வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஆபத்தானது ஃபாவா என்ற ஒரு அவரை மட்டுமே. அதிலுள்ள வைசீன், கொன்வைசீன் என்ற பொருள்கள் குடலில் உடைந்து கடுமையான ஒட்சியேற்றிகளாகின்றன. மத்தியதரைக்கடல் நாடுகளிலும் எகிப்திலும் அது அன்றாட உணவு. எகிப்தியர் ஃபூல் என்பார்கள். எங்கள் குசினிக்குள் அது வருவது அரிது. வளைகுடாவில் வேலைசெய்பவரும், வெளிநாட்டிலிருந்து வரும் பொரித்த பருப்புக் கலவைப் பைகளை உடைப்பவரும் மட்டும் பொதியின் பின்பக்கத்தை வாசிக்கட்டும். உழுந்தை நிம்மதியாக அரையுங்கள்.

மருந்துகளில் பிறிமாகுயினுக்கு அடுத்துக் கவனிக்க வேண்டியது டப்சோன். தொழுநோய்க்கான கூட்டு மருந்தில் வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் அது இருக்கும். சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் நைத்திரோபுரன்ரொயினும், சில புற்றுநோய்களில் யூரிக் அமிலத்தை இறக்கும் றஸ்புரிகேசும் கூடாது. றஸ்புரிகேஸ் ஒவ்வொரு யூரிக் அமில மூலக்கூறை உடைக்கும்போதும் ஒரு பேரொட்சைட்டு மூலக்கூறை வெளிவிடும், அதுதான் காரணம். வழமையான அளவில் பரசிற்றமோல் குடிக்கலாம். பிறந்தவுடன் போடும் வைற்றமின் கே1 ஊசியும் பாதுகாப்பானது, பயந்து மறுக்க வேண்டாம்.

மெதிலீன் நீலத்தைத் தனியே சொல்ல வேண்டும். நெல்வயலில் களைக்கு அடித்துவந்த புரொப்பனில் என்ற களைநாசினி உடம்புக்குள் போனால் ஈமோகுளோபின் மெதீமோகுளோபினாகி ஆள் நீலம்பாரிப்பார். விரலில் மாட்டும் ஒட்சிசன் மானி 85 வீதத்தையொட்டி நின்றுவிடும். அதற்கு மாற்று கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் மெதிலீன் நீலம், நாளத்தின் வழியே. அது வேலைசெய்ய வேண்டியது புரூவர் சோதனைக் குழாயில் செய்த அதே தரகு வேலையை. ஜி6பிடி இல்லாதவரில் தரகருக்குக் கொடுக்கச் சரக்கில்லை. நீலம் தானே ஒட்சியேற்றியாக மாறி, நீலம்பாரித்த நோயாளியின் இரத்தத்தையும் உடைக்கும். முதல் மருந்துக்குப் பின் ஆள் தேறவில்லை என்று இரண்டாவது மூன்றாவது தடவை ஏற்றுவதற்கு முன், இந்த நொதியத்தை நினைக்க வேண்டும். குருதி மாற்றீடு அங்கே பாதுகாப்பான வழி.

மருந்தும் உருண்டையும் இல்லாமலும் உடைவு வரும். தொற்றுநோய் வந்தால் வெண்குழியங்களே ஒட்சியேற்றிகளைக் கக்கும். ரைபோயிட்டு, நியூமோனியா, ஈரல் அழற்சி எல்லாம் இதில் சேரும். ஏற்கெனவே குறைபாடு தெரிந்த பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் தெர்மோமீற்றரோடு சிறுநீரின் நிறத்தையும் பாருங்கள். வெள்ளைக் கோப்பையில் பிடித்தால் நன்றாகத் தெரியும்.

உடைவு தொடங்கியபின் செய்வது எளிமையானது. தூண்டியதை நிறுத்துவது, நீர் கொடுத்துச் சிறுநீரகத்தைக் காப்பது, ஈமோகுளோபின் டெசிலீற்றருக்கு 7 கிராமுக்குக் கீழே போனாலோ பிள்ளை மூச்சு வாங்கினாலோ இரத்தம் ஏற்றுவது. நொதியத்தையே ஊசியாகக் கொடுக்க முடியாதா என்று கேட்பார்கள். இன்னொரு நொதியக் குறைபாடான கோச்சர் நோய்க்கு 1991 முதல் அப்படிக் கொடுக்கிறார்கள்; அங்கே நொதியம் சேர வேண்டிய கலங்கள் அதை வெளியிலிருந்து விழுங்கக்கூடியவை. செங்குழியம் எதையும் விழுங்காது. ஆகவே உள்ளே இருக்கும் கோணலான நொதியத்தை நிமிர்த்துவதே வழி. ஜி6பிடி தனித்தனியாக வேலைசெய்யாது, இரண்டு இரண்டாகவோ நான்கு நான்காகவோ சேர்ந்தால்தான் உயிர். பல விகாரங்களில் அந்தச் சேர்க்கைதான் தளர்கிறது. 2018 இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் ஏஜி1 என்ற சிறு மூலக்கூறு அந்தச் சேர்க்கையை இறுக்கி, சீனரில் காணப்படும் கன்ரன் வகை நொதியத்தின் செயற்பாட்டைக் கூட்டுகிறது என்று காட்டினார்கள். அது ஆய்வுகூடப் பேச்சு. வருடம் முழுக்க எப்போதும் இரத்தம் உடைந்துகொண்டிருக்கும் மிக அரிதான கடுமையான வகையினருக்கு அது என்றாவது உதவலாம். தூண்டினால் மட்டும் உடையும் பெரும்பான்மையினருக்கு வாழ்நாள் முழுக்க ஒரு குளிசை எதற்கு?

அவர்களுக்கு வேண்டியது பிள்ளையின் கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் சிவப்பு மையில் நாலு வரி. குறைபாட்டின் பெயர். சோதித்த திகதியும் முறையும். அப்போது ஈமோகுளோபின் எவ்வளவு, இரத்தம் ஏற்றி எத்தனை நாள். திரும்பச் சோதிக்க வேண்டிய திகதி. கனடாவுக்கோ சுவிசுக்கோ போகும் பிள்ளையென்றால் அதே நாலு வரி அந்த நாட்டு மொழியிலும் எழுதிக் கடவுச்சீட்டு உறைக்குள் வைக்கலாம். ஆபிரிக்கப் பயணமொன்றுக்குப் பிறகு அங்கே காய்ச்சலோடு போனால், பிறிமாகுயினைக் கையில் வைத்திருக்கும் டொக்டர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.